லேசர் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

1. முதலில் கண். 800 நானோமீட்டர் ஒளி மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். ஒளியைப் பிரதிபலிக்கும் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கதவுக்கு வெளியே. ஒளிக்கற்றை செல்லும் மேசை மட்டத்துக்குக் குனியவே கூடாது.

2. ஆற்றலைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1 மில்லிஜூல் அற்பம்தான். அதுவே 30 ஃபெம்டோ நொடிக்குள் அடங்கினால் சுமார் 3,000 கோடி வாட். முடியளவு புள்ளியில் குவித்துவிட்டால், ஒளியின் மின்புலம் மூலக்கூறின் புற எலக்ட்ரானை இழுத்து வைத்திருக்கும் விசையோடு மல்லுக்கு நிற்கும். நைட்ரஜனை அயனியாக்க 15.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். இந்த ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 1.55 மட்டுமே. ஆனாலும் எலக்ட்ரான் வெளியேறுகிறது: பல ஃபோட்டான்களை ஒருசேர விழுங்கியோ, மெலிந்துபோன ஆற்றல் தடுப்பை ஊடுருவியோ. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு எல்லைகள் என்று 1964இல் ஒரு கட்டுரையில் காட்டியவர் இயற்பியலாளர் கெல்டிஷ். அந்தக் கட்டுரையைப் படிக்காமல் கருவியைத் தொடாதீர்கள்.

3. போன எலக்ட்ரான் திரும்பி வரும். மின்புலம் திசை மாறியதும் அது தாய் அயனியிடமே வந்து மோதலாம். உயர் சீரிசை ஒளி, அதாவது லேசரைப் போல் பல மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒளி, அப்படித்தான் பிறக்கிறது. இயற்பியலாளர் கார்க்கம் 1993இல் தந்த இந்த விளக்கம் சோதனைக்கும் உதவும். வட்டத் தளவிளைவுள்ள ஒளியில் எலக்ட்ரான் விலகிப் போய்விடும், சீரிசை அணைந்துவிட வேண்டும். அணையவில்லையா? உங்கள் ஒளியமைப்பைச் சந்தேகியுங்கள்.

4. நைட்ரஜனின் நிறை நிறமாலையில் நிறை-மின்னூட்ட விகிதம் 14 என்ற இடத்தில் முகடு கண்டதும் மூலக்கூறு உடைந்தது என்று குதிக்காதீர்கள். இரண்டு எலக்ட்ரான் இழந்தும் உடையாத மூலக்கூறும் அங்கேதான் வந்து விழும். உடைந்த துண்டுகள் வேகத்தோடு சிதறுவதால் அவற்றின் முகடு அகலும். உடையாததன் முகடு கூர்மையாக நிற்கும்.

5. மூலக்கூறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். வலுக்குறைந்த முன்துடிப்பால் நைட்ரஜனை வரிசைப்படுத்தினால், அந்த ஒழுங்கு கலைந்து 8.4 பிகோ நொடிக்கு ஒருமுறை மீளும். இதை ஒருமுறையாவது நீங்களே அளந்து பாருங்கள். இந்தத் துறையில் இதைவிட அழகான அளவீடு எனக்குத் தெரியாது.

6. வெற்றிட அறையின் 5 மில்லிமீட்டர் சிலிக்கா சாளரம் 30 ஃபெம்டோ நொடித் துடிப்பை 34 ஆக்கும்; 10 ஃபெம்டோ நொடியை 50 ஆக்கிவிடும். துடிப்பை அறைக்குள் நுழையும் முன் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்.

7. ஒளிச்செறிவை எப்படிக் கணித்தீர்கள் என்று நோட்டில் எழுதாத நாளின் தரவை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.