பரங்கி விதையை நாமே எடுக்கலாம்



பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். ஆனாலும் பொங்கலன்று குழம்பில் பரங்கி இல்லாவிட்டால் எங்க அப்பாயிக்குப் பொங்கலே இல்லை. அவங்க வைத்திருக்கும் ரகம் தட்டையாக, வரிவரியாக இருக்கும். நல்ல இனிப்பு. போன வருஷம் அந்த விதையைப் போட்டதில் மூன்று கொடியில் நீளக் காய் காய்த்தது. சப்பென்று இருந்தது. "மண்ணு கெட்டுப் போச்சு"ன்னு அப்பாயி சொன்னாங்க. காரணம் மண் இல்லை, தேனீ.

பரங்கியில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு இருந்தால் ஆண் பூ. (மார்கழிக் கோலத்தில் வைக்க ஆண் பூவையே பறியுங்கள். பெண் பூவைப் பறித்தால் ஒரு காய் போச்சு!) பக்கத்துத் தோட்டத்து ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து நம்ம பெண் பூவில் சேர்த்துவிடும். அந்த வருஷம் காய் மாறவே மாறாது. உள்ளே இருக்கும் விதைதான் மாறும். அதனால்தான் அடுத்த வருஷம் விதைத்த பிறகே நமக்குத் தெரிகிறது. கல்யாணப் பூசணி பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது வேறு இனம், கலக்காது.

சரி, எந்த ரகம் போடுவது? கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் ஒவ்வொன்றும் 7, 8 கிலோ இருக்கும், 175 நாள் ஆகும். கோ 2 சின்னக் காய், ஒன்றரை முதல் 2 கிலோ, 135 நாள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் 2, 3 கிலோ. பத்தை போட்டு விற்கும் கடைக்காரருக்குப் பெரிய காய் சரி. வீட்டுக்கு கோ 2 போதும் என்பது என் கருத்து. பெரிய காயை அறுத்தால் தெருவுக்கே பங்கு வைக்க வேண்டும்! இவற்றில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். பாக்கெட்டில் 'வீரிய ஒட்டு' என்று போட்டிருந்தால் அதில் விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரிந்துவிடும்.

ஆடியிலோ மார்கழி, தையிலோ விதைக்கலாம். ஓர் அடிக் குழி, குழிக்குக் குழி ஆறேழு அடி. நாலைந்து விதை ஊன்றி, முளைத்ததும் நல்ல இரண்டை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். பெரம்பலூர்க் கரிசலில் தண்ணி நின்றால் விதை அழுகும். அதனால் எருவும் மணலும் கலந்து மேடாக்கி ஊன்றுங்கள். ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் இந்தக் கவலை இல்லை, தண்ணிதான் அடிக்கடி விடணும். சிவப்பு வண்டு இலையைத் தின்றால் காலைப் பனி காயும் முன் அடுப்புச் சாம்பல் தூவலாம்.

இப்போது முக்கியமான விஷயம். ரகம் கலக்காமல் இருக்க அரை கிலோமீட்டர் தள்ளிப் பயிர் செய்யணுமாம். ஊருக்குள் அது நடக்காது. வேறு வழி இருக்கிறது. மறுநாள் விரியப் போகும் மொட்டு சாயங்காலமே நுனியில் மஞ்சளாகிவிடும். அப்படி ஒரு பெண் மொட்டையும், வேறு கொடியில் இரண்டு ஆண் மொட்டையும் நுனியில் நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, உடனே மறுபடி கட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும், அதனால் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே முடிக்கணும். காம்பில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள்.

காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவுக்குத் தோல் கெட்டியான பிறகு பறித்து, மூன்று வாரம் வைத்திருந்து அறுக்க வேண்டும். விதையைக் கழுவி, மிதப்பதை விட்டு, நிழலில் காயவைத்துச் சாம்பல் கலந்து வைக்கலாம். விதைக்கும் முன் 10 விதையை ஈரத் துணியில் முடிந்து பாருங்கள், ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை.

இந்த ஆடியில் ஐந்து பெண் பூக்களுக்கு இப்படிக் கட்டினேன். மூன்று காய் பிடித்திருக்கிறது. விதை வேண்டுகிறவர்கள் தை மாதம் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேளுங்கள். ஆளுக்கு ஐந்து விதை தருவேன். அடுத்த வருஷம் பத்தாகத் திருப்பித் தரணும்!