கிணற்றில் கடல்நீர் ஏறுகிறதா? பம்பு ஓட்டி அறியும் முறை

கடலோர விவசாயிகள் பலர், "காலையில் நன்றாக இருக்கும் தண்ணீர், பம்பு ஓட ஓட உப்பாகிறதே" என்று கேட்கிறார்கள். தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை கிணறு வைத்திருப்போர் இதன் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம்.

நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே நிலத்தடியில் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே உள்ள மட்டம் குறைந்தால், அடியிலுள்ள உப்பு நீர் மேலேறும்.

சோதனை முறை: இரவு முழுவதும் பம்பை நிறுத்தி வையுங்கள். காலையில் ஓட்டி, 5 நிமிட நீரைத் தள்ளிவிட்டு முதல் மாதிரி எடுங்கள். பிறகு மணிக்கொரு மாதிரியாக 4 மணி நேரம் எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மும்முறை கழுவி, நிறைய நிரப்பி, தேதி, நேரம், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். மறுநாள் காலை மேலும் ஒரு மாதிரி எடுத்து, எல்லாவற்றையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

மின்கடத்தும் திறன் முதலில் 1.2, நான்கு மணி நேரத்தில் 2.0 டெசி சைமன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 0.2 வீதம் உப்பு ஏறுகிறது. 2.25ஐத் தாண்டிய நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றதல்ல. எனவே இக்கிணற்றை 4 மணி நேரத்திற்கு மேல் ஓட்டக்கூடாது. மறுநாள் 1.2க்குத் திரும்பியிருந்தால் ஓர் இரவு ஓய்வு போதும். இல்லையேல் ஒருநாள் விட்டு ஒருநாள் இறையுங்கள். முதலும் கடைசியும் ஒன்றாக இருந்தால், இறைப்பதால் உப்பு ஏறவில்லை என்று பொருள். கோடையில் மீண்டும் சோதியுங்கள்.

கடல்நீர் புகும்போது அதிலுள்ள சோடியத்தைக் களிமண் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புச் சத்தை வெளிவிடும். நீர் கடினமாகி சோப்பு நுரைக்காது. மழைக்குப் பின் நன்னீர் வரும்போது அந்தச் சோடியம் மெல்ல வெளிவரும். அப்போது சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் அந்நீர் மண்ணை இறுகச் செய்து களராக்கும். ஆகவே சோடியம், குளோரைடு, பைகார்பனேட் அளவுகளையும் கேட்டுப் பெற்று, ஆலோசனைப்படி ஜிப்சம் இடுங்கள்.

உப்பு ஏறும் கிணற்றை மேலும் ஆழப்படுத்தாதீர்கள். உப்பு நீரைத்தான் எட்டுவீர்கள். சிறிய பம்பு, சொட்டு நீர்ப்பாசனம், மழைநீர்ச் சேமிப்பு ஆகியவையே கிணற்றைக் காக்கும்.