இரண்டாவது பயம்

மட்டாஞ்சேரி, கொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோர்ட் கொச்சி ஜெட்டி வரை போய், எர்ணாகுளம் போட் வந்து நின்றதும் ஏறாமல் திரும்பிவிடுவதாக எழுதியிருந்தாய். பஸ் என்றால் தோப்பும்படியில் இறங்கிக்கொள்ளலாம், நடுக்காயலில் நெஞ்சு படபடத்தால் எங்கே இறங்குவது என்பது உன் கேள்வி. ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்து, இருதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை, இது பதற்றக் கோளாறு என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அப்படியும் படபடப்பு விடவில்லை. அதை அடியோடு விரட்ட வழி கேட்கிறாய். விரட்டப் பார்ப்பதால்தான் அது போகாமல் நிற்கிறது என்பேன் நான். வந்தால் வரட்டும் என்று விட்டு, அது இருக்கும்போதே உன் காரியத்தைப் பார்க்கப் பழகுவதுதான் குணமாகும் வழி. வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. காரணங்களை வைக்கிறேன், நீயே சீர்தூக்கிப் பார்.

முதலில் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள். ஆபத்து என்று மூளை நினைத்த கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கிவிடும். ஆனால் பாதிக்கப்பட்டவர் இறங்கும்வரை பொறுப்பதில்லை. ‘இது ஹார்ட் அட்டாக்’, ‘மயங்கி விழப்போகிறேன்’ என்று நினைக்கிறார். அந்த நினைப்பே புதிய ஆபத்தாகி, மறுபடி அட்ரினலின் சுரக்கிறது. உடம்பின் சாதாரண அறிகுறியைப் பேராபத்தாகப் படிக்கும் இந்தச் சுழற்சியைத்தான் இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல், இப்படித் திடீரெனப் பயம் தாக்கும் பேனிக் அட்டாக்குக்கு விளக்கமாக முன்வைத்தார்.

அவருக்கு முன்பே இதை எளிய மொழியில் சொன்னவர் ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ். இளவயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகக் கணித்து சானடோரியத்தில் வைத்தார்கள். வெளியே வந்தபோது ஓயாத நெஞ்சுப் படபடப்பும் கூடவே வந்தது. போர்முனையில் இருந்து திரும்பிய ஒரு நண்பர், பதுங்குகுழியில் வீரர்களாகிய தங்கள் இருதயமும் அப்படித்தான் அடித்துக்கொண்டது, படபடப்பைக் கண்டு பயப்படுவதால்தான் அது நீடிக்கிறது என்று விளக்கியதும் அவருக்குத் தெளிவு பிறந்தது. பின்னாளில் மருத்துவம் படித்து, 1962-இல் அவர் எழுதிய நூலின் சாரம் நான்கு படிகள்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து செல், காலத்துக்கு இடம் கொடு. முதல் பயம் தானாக வருவது, அது நம் கையில் இல்லை. ‘ஐயோ, வந்துவிட்டதே’ என்று அதன்மேல் நாம் ஏற்றும் இரண்டாவது பயம்தான் நோயை வளர்க்கிறது என்பது அவர் காட்டிய வேறுபாடு.

அனுபவத்திலிருந்து வந்த இந்தக் கருத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வரும் கோளாறு உள்ள அறுபது பேரைக் கரியமில வாயு 5.5 சதவீதம் கலந்த காற்றைப் பதினைந்து நிமிடம் சுவாசிக்கச் செய்தார்கள். மூச்சுத்திணறலையும் படபடப்பையும் வரவழைக்கும் ஏற்பாடு அது. அதற்கு முன் ஒரு குழுவுக்கு உணர்ச்சிகளை ஏற்றுக்கொள்ளும்படியும், இன்னொரு குழுவுக்கு அடக்கும்படியும் பத்து நிமிட ஒலிப்பதிவு கேட்கவைத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு அப்படி எந்த அறிவுரையும் இல்லை. கருவிகள் அளந்த உடல் மாற்றங்களில் குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டவர்கள் குறைவான பதற்றத்தையே சொன்னார்கள், இன்னொரு முறை சுவாசிக்கவும் மற்றவர்களைவிட அதிகம் முன்வந்தார்கள். இதை நன்றாகக் கவனி. அவர்கள் நெஞ்சு அமைதியாகிவிடவில்லை. படபடப்போடு அவர்களுக்கு இருந்த உறவு மாறியது, அடுத்த அடி எடுத்துவைக்கத் துணிவு வந்தது. உனக்கும் ஜெட்டியில் வேண்டியது இந்தத் துணிவுதான்.

‘ஏற்றுக்கொள்வது என்றால் தோற்றுப்போவதுதானே?’ என்று நீ கேட்கலாம். ஜெட்டியிலிருந்து திரும்பிவிடுவதுதான் தோல்வி. திரும்பியதும் கிடைக்கும் நிம்மதி ‘தப்பித்தேன், போட் ஆபத்தானதுதான்’ என்று மூளைக்குப் பாடம் சொல்லிவிடுகிறது. அடுத்த முறை பயம் இன்னும் முன்னதாகவே வந்து நிற்கும். படபடப்போடு ஏறி அக்கரை சேர்ந்தால்தான், ‘படபடத்தது, ஒன்றும் ஆகவில்லை’ என்ற புதிய பாடம் பதியும். நான் ஏற்கச் சொல்வது உடம்பின் உணர்ச்சியை மட்டும். வேலையிடத்துக் கொடுமையையோ வீட்டு அடி உதையையோ ஏற்கச் சொல்லவில்லை. அவற்றை எதிர்க்கத்தான் வேண்டும்.

‘ஏற்றுக்கொண்டு பார்த்தேன், அப்படியும் போகவில்லையே’ என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான குறை, பலர் இங்கேதான் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். போகவேண்டும் என்பதற்காக ஏற்பது விரட்டுவதன் இன்னொரு வடிவம். ‘போய்விட்டதா, போய்விட்டதா’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பிடித்துப் பார்ப்பதும் அப்படியே. வீக்ஸ் காலத்துக்கு இடம் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு மாதத்தில் திடீரென ஒருநாள் பழைய படபடப்பு வரும். பழகிய நரம்பு மண்டலம் அப்படித்தான். பட்ட பாடெல்லாம் வீண் என்று அதற்குப் பொருளில்லை.

‘மாத்திரை போதாதா?’ என்று வீட்டில் கேட்பார்கள். மனநல மருத்துவர் மாத்திரை தந்தால் சாப்பிடு, அவரைக் கேட்காமல் நிறுத்தாதே. உடனே அமைதி தரும் சில மாத்திரைகளுக்கு உடம்பு பழகிவிடும் என்பதால் அவற்றை நீயாக வாங்காதே. ஏற்றுக்கொள்வதுதான் ஒரே வழி என்றும் நான் சொல்லமாட்டேன். 2012-இல் வெளியான, 128 பேர் பங்கெடுத்த ஆய்வில், ஏற்பை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையும் வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. எதைச் செய்தாலும், பயந்து விலகிய இடத்துக்குத் திரும்பப் போகவேண்டியிருக்கும். தனியாகச் செய்யவேண்டும் என்றும் இல்லை. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு கேரளமும் தமிழ்நாடும் உட்படப் பல மாநிலங்களில் நடந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறுவதில்லை என்று அது நாடு முழுவதற்கும் கணக்குச் சொன்னது. வெட்கப்பட்டு அந்த 85-இல் நீயும் ஒருவனாக இருக்காதே. டெலி-மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும். அதோடு ஒரு எச்சரிக்கை: நடக்கும்போதோ படி ஏறும்போதோ புதிதாக நெஞ்சுவலி வந்தால் அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் டாக்டரிடம் காட்டு. மற்றபடி, கோளாறில்லை என்று டாக்டர் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு அதே ஈசிஜியை வாராவாரம் எடுக்காதே.

இனி செய்யவேண்டியது. முதலில் அக்கரையிலுள்ள வைப்பினுக்குப் போகும் வாகனப் படகில் ஏறு, சில நிமிடப் பயணம்தான். படபடப்பு வந்தால் கம்பியை இறுக்கிப் பிடிக்காமல், மூச்சைக் கட்டுப்படுத்தப் போராடாமல், அது ஏறி இறங்க விட்டுவிடு. அதே பயணத்தைப் பல நாள் செய். பிறகு எர்ணாகுளம் போட்டில் துணையோடு போ, அப்புறம் தனியாக. அன்றன்று இரவு, படபடத்ததா என்று கணக்குப் பார்க்காதே. போகவேண்டிய இடத்துக்குப் போனாயா என்று மட்டும் பார். அந்தக் கணக்கு சேரச் சேர, படபடப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் நாளை நீதான் நடத்துவாய். குணமாவது என்பது அதுதான்.

அன்புடன்,
உன் அண்ணன்