உடைந்தவற்றின் உருவம்: பகிரப்பட்ட ஒளிப்படங்களின் படைப்புப் பயன்

ஏட்டுச்சுவடிப் பதிப்பு முறை பற்றி முதுகலை மாணவர்க்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் ஒரு செய்தியை வற்புறுத்துவதுண்டு. தனியோர் ஏடு எத்துணைப் பழமையுடையதாயினும் அதனை மட்டும் நம்பிப் பதிப்பித்தல் ஆகாது. ஓரேட்டில் செல்லரித்த இடம் பிறிதோரேட்டில் நலமாயிருக்கும்; ஒருவர் பிழைபட எழுதியதை மற்றொருவர் செம்மையாக எழுதியிருப்பார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் தேர்ந்தார். சென்ற கல்வியாண்டில் இதனைக் கூறிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, ஏடுகளுக்குப் பதிலாக ஒளிப்படங்களை வைத்து இப்படிச் செய்ய முடியுமா?" என வினவினார். அன்று மணியடித்துவிட்டமையால் அரைகுறையாகவே விடையிறுத்தோம். எஞ்சிய விடையை இம்மலரில் எழுதுகிறோம்.

முடியும், செய்தும் இருக்கின்றனர். ஈராக்கின் மோசுல் நகர அருங்காட்சியகத்துள் ஐ.எஸ். இயக்கத்தினர் புகுந்து, பழஞ்சிற்பங்களைச் சம்மட்டியாலும் துளைக்கும் கருவியாலும் தகர்க்கும் காட்சி 2015 பிப்ரவரி 26ஆம் நாள் வெளியாயிற்று. நிம்ரூதிலிருந்து கொணரப்பட்டு அங்கே நின்ற அசீரியர் காலத்துக் கல் அரிமாவும் சுக்குநூறாயிற்று. அக்காட்சியைக் கண்ட மாத்யூ வின்சென்ட், சான்ஸ் காஃபனோர் என்னும் இரு ஆய்வாளர்கள், போருக்கு முன் அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள் எடுத்த படங்கள் எங்கேனும் இருக்குமன்றோ என்று எண்ணினர். "உங்களிடம் உள்ள படங்களை அனுப்புங்கள்" என்று இணையத்தின்வழி உலகை வேண்டினர். 'மோசுல் திட்டம்' எனத் தொடங்கிப் பின்னர் 'ரெக்ரெய்' எனப் பெயர் மாறிய முயற்சி இது. எசுபெராந்தோ மொழியில் அச்சொல்லுக்கு 'மீண்டும் படைத்தல்' என்பது பொருள். நினைவுக்காகவும் நண்பர்க்குக் காட்டவும் எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. தன்னார்வலர் அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்தனர். அவற்றிலிருந்து அரிமாவின் முப்பரிமாண உருவம் கணினியில் எழுந்தது.

சிலைகள் உடைந்ததற்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்று எம் பெரியவர் ஒருவர் கேட்டார். கேட்கத்தக்க கேள்வியே. ஆயின் அவர்கள் சம்மட்டி சிலையோடு நிற்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2014 சூலையில் அதே மோசுலில் யூனுஸ் நபியின் அடக்கவிடம் எனப் போற்றப்பட்ட பள்ளிவாசல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்-நூரி பெரும்பள்ளியும் 'அல்-ஹத்பா' என்னும் சாய்ந்த மினாராவும் 2017 சூனில் வீழ்ந்தன. அவை யுனெஸ்கோவின் துணையோடு மீள எழுப்பப்பட்டு 2025 செப்டம்பரில் திறக்கப்பெற்றன. எதை இழந்தோம் என்பதற்குச் சான்று இருந்தாலன்றி எதையும் மீள எழுப்புதல் அரிது.

இனி, தட்டையான படங்களிலிருந்து பருமையுள்ள உருவம் எவ்வாறு பிறக்கிறது? மாணவர் ஒன்று செய்து பார்க்கலாம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணாற் பார்க்க. பின் கண்ணை மாற்றிப் பார்க்க. விரல் இடம் பெயர்ந்தது போலத் தோன்றும். கையை அருகே கொணர்ந்தால் பெயர்ச்சி மிகும். தொலைவில் நீட்டினால் குறையும். அப்பெயர்ச்சியின் அளவே தொலைவின் அளவு. இரு வேறிடங்களிலிருந்து எடுத்த படங்களில் ஒரே புள்ளியைக் கண்டறிந்தால், கேமரா நின்ற இடத்தையும் அப்புள்ளி இருந்த இடத்தையும் கணக்கிட்டுவிடலாம். இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இதனைச் செய்யக் கணினி சலிப்பதில்லை. வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் நோவா ஸ்னேவ்லியும் உடனுழைத்தோரும், இணையத்தில் சுற்றுலாப் பயணிகள் பகிர்ந்த படங்களைக் கொண்டு பாரிசின் நாத்ர் தாம் தேவாலயம் போன்றவற்றின் உருவத்தை 2006இல் உருவாக்கிக் காட்டினர். 2009இல் உரோம் நகரின் ஏறத்தாழ 1,50,000 படங்களைத் திரட்டி, ஏறக்குறைய 500 கணிப்பகுதிகள் கொண்ட கணினித் தொகுதியால் ஒரு நாளுக்குள் அந்நகரின் முதன்மைச் சின்னங்களை உருவாக்கினர். படமெடுத்தோர் ஒருவரையொருவர் அறியார். தாம் ஒரு பெரும்பணிக்கு உதவுகிறோம் என்பதும் அறியார்.

எனினும் படம் மிகுந்தால் போதும் என்று கருதுதல் பிழை. ஆப்கானிஸ்தானத்துப் பாமியானில் நின்ற பெரிய புத்தர் சிலை, சுமார் 53 மீட்டர் உயரமுடையது, 2001 மார்ச்சில் தாலிபானால் தகர்க்கப்பட்டது. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆர்மின் குருன், ஃபாபியோ ரெமோன்டினோ முதலியோர் அதன் உருவத்தை மூவகைப் படங்களிலிருந்து தனித்தனியே செய்து பார்த்தனர். இணையத்தில் கிடைத்தவை ஒரு வகை. பயணி ஒருவர் எடுத்தவை மற்றொரு வகை. 1970இல் ஆஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா அளவைக்குரிய சிறப்புக் கேமராவால் எடுத்தவை மூன்றாம் வகை. இணையப் படங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கேமராவில், வெவ்வேறு அளவில் அமைந்தவை. அவற்றிலிருந்து உருவத்தின் பொதுவடிவு கிட்டியது. ஆடையின் மெல்லிய மடிப்புகளைத் தந்தவை கோஸ்ட்காவின் படங்களே. ஏட்டுச்சுவடிக்கும் இதுவே விதி. பிழை மலிந்த பத்துப் பிரதியினும் கவனமாக எழுதிய ஒரு பிரதி மேலாவதுண்டு. இன்னொன்றும் உண்டு. சுவரை ஒட்டி நிற்கும் பொருளின் பின்புறத்தை எவரும் படமெடுப்பதில்லை. அவ்விடம் உருவத்தில் வெற்றிடமாகவே நிற்கும். அதனைக் கற்பனையால் நிரப்புவோர், நிரப்பினோம் என்று சொல்லிவிடுதல் நேர்மை.

இவ்வாறு மீட்ட உருவை என் செய்வது? இங்கேதான் அறிவியல் கலையாகிறது. கருத்து வேற்றுமையும் தொடங்குகிறது. சிரியாவின் பால்மைரா நகரத்து வெற்றி வளைவு 2015 அக்டோபரில் தகர்க்கப்பட்டது. ஒளிப்படங்களின் துணையால் அதனைச் சிறிய அளவில் எகிப்தியச் சலவைக்கல்லில் எந்திரத்தாற் செதுக்கி, 2016 ஏப்ரலில் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினர். மக்கள் திரண்டனர், அறிஞர் சிலர் முகஞ்சுளித்தனர். வெயிலும் மணற்காற்றும் படாத வழுவழுப்பான கல், தன் ஊரைவிட்டு அயலூரில் நிற்பது அவர்களுக்கு உவப்பாயில்லை.

அதே சதுக்கத்தில் 2018இல் வேறொன்று எழுந்தது. மைக்கேல் ராகோவிட்சு அமெரிக்கக் கலைஞர். தாய்வழியில் ஈராக்கிய யூதர். 2003இல் பக்தாது அருங்காட்சியகத்திலிருந்து கொள்ளைபோன பொருள்களை, சிகாகோ பல்கலைக்கழகத்துக் கீழைத்தேய நிறுவனம் இணையத்தில் வைத்த பதிவுகளைப் பார்த்து, அரபுச் செய்தித்தாள்களாலும் உணவுப் பொட்டலத் தாள்களாலும் 2007 முதல் செய்துவருபவர். நினிவே வாயிலில் நின்று 2015இல் உடைக்கப்பட்ட, சிறகுடைய காளையாகிய லமாசுவை அவர் 10,500 வெற்றுத் தகர டப்பாக்களால் ஆக்கினார். அனைத்தும் பேரீச்சம்பழப் பாகு அடைத்த டப்பாக்கள். போரால் நலிந்த ஈராக்கியப் பேரீச்சை வணிகத்தின் நினைவு அத்தகரத்தில் உள்ளது. உண்மைப் பொருள் இது என்று அது நடிக்கவில்லை. 'இல்லாததன் நிழல் நான்' என்று சொல்லி நிற்கிறது. சலவைக்கல் வளைவினும் இத்தகரக் காளையே எமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. மாறுபடுவோர் மாறுபடலாம்.

இத்தகைய பணிக்காக உயிர் துறந்தோரையும் இங்கே நினைத்தல் தகும். பால்மைராவின் தொல்பொருட் காப்பாளராக நெடுங்காலம் விளங்கிய காலித் அல்-அசாத், எண்பது வயது கடந்தவர், 2015 ஆகத்தில் ஐ.எஸ். இயக்கத்தினரால் கொல்லப்பட்டார். அந்நகரை 2005 முதல் கணினியில் முப்பரிமாணமாக வடிக்கத் தொடங்கியவர் பாசில் கர்த்தபில் என்னும் இளைஞர். சிரியாவில் வாழ்ந்த பாலஸ்தீனியர். திறந்த மென்பொருள் வல்லுநர். அவரை 2012 மார்ச்சில் சிரிய அரசு சிறைப்படுத்தியது. 2015இல் அவர் கொல்லப்பட்டதை அவர்தம் மனைவி 2017இல்தான் உலகுக்கு அறிவிக்க நேர்ந்தது. இயக்கத்தினர் ஒருவரைக் கொன்றனர். அவர்களை எதிர்த்த அரசு மற்றவரைக் கொன்றது. இருவரும் நேசித்தது ஒரே ஊரை. பாசிலின் பணியை நண்பர்கள் 'நியூ பால்மைரா' என்னும் பெயரில் தொடர்ந்து, எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டனர்.

எவரும் எடுத்தாளுமாறு என்னும் சொல்லுக்கு அழுத்தம் தருகிறோம். இணையத்தில் கிடைப்பது வேறு. எடுத்தாள இசைவு பெற்றது வேறு. பாசில் சிரியாவில் பரப்பிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் அறிமுகமானவை. எடுத்தவர் பெயரைச் சுட்டுக, வணிகத்துக்குப் பயன்படுத்தற்க, வழிவந்த படைப்பையும் அதே நிபந்தனையில் பகிர்க, மாற்றம் செய்யற்க என்னும் நிபந்தனைகளுள் வேண்டியதைப் படமெடுத்தவரே தேர்ந்து விதிக்கலாம். நம் இலக்கண மரபில் கூறின், இறுதி நிபந்தனை விதித்தவர் முதல்நூலைப் படிக்க விடுகிறார். வழிநூல் செய்து வெளியிட விடுவதில்லை. மாணவர் பலர் இதனை அறியாது பகிர்கின்றனர்; அறியாது எடுத்தும் ஆள்கின்றனர்.

எமதூர்ச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். எம் இளமையில் நாங்கள் ஓதிய பழைய கல்தூண் பள்ளிவாசல் இடிக்கப்பட்டுப் புதியது கட்டப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. இடிக்குமுன் யாரும் முறையாகப் படமெடுக்கவில்லை; யாமும் எடுத்தோமில்லை. அம்மாணவியின் வினாவுக்குப் பின், ஊரில் வீடுவீடாகக் கேட்டுப் பார்த்தோம். கிடைத்தவை நிக்காஹ் படங்கள் பதினொன்று. எல்லாவற்றிலும் மணமகன் நடுவே அமர்ந்திருக்கிறார். அவர் தலைப்பாகைக்குப் பின்னே ஒரு தூணின் பாதி தெரிகிறது. பதினொன்றையும் ஒப்புநோக்கியதில் நான்கு தூண்களின் வேலைப்பாடு தெளிந்தது. மேற்கு வரிசைத் தூண் ஒன்று மட்டும் எதிலும் இல்லை. அதன் பூவேலையை எம் கை இன்னும் மறக்கவில்லை. சிறுவயதில் அத்தூணில் சாய்ந்துதான் பாடம் மனனம் செய்வோம். அதன் படம் எவர் வீட்டிலேனும் இருப்பின் துறைக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறோம்.