பேக்கப் லைனுக்கு ஐபி பிளான் போடத் தெரியுமா?

கேளம்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கி, சிறுசேரி சிப்காட்டில் நெட்வொர்க் வேலை தேடுகிறீர்களா? சிசிஎன்ஏ சர்டிஃபிகேட் உங்கள் கையில் மட்டும் இல்லை. இன்டர்வியூ வரிசையில் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமும் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நாலு கிளைக்கு ஐபி பிளான் போடுங்க, ஃபைபர் போனா பேக்கப் எப்படி எடுக்கும்னு சொல்லுங்க" என்றால் பலர் திணறிவிடுகிறார்கள். முந்த வேண்டிய இடம் அதுதான்.

டயல்-அப் ரவுட்டிங்கைப் பழைய சிலபஸ் என்று தள்ளிவிடாதீர்கள். ஐஎஸ்டிஎன் லைன் இருந்த இடத்தில் இன்று 4ஜி சிம் இருக்கிறது, கணக்கு அதேதான். ஓஎம்ஆரில் எங்கே பள்ளம் தோண்டினாலும் கேபிளுக்கு ஆபத்து. அப்போது கிளை அலுவலகத்தைக் காப்பாற்றுவது பேக்கப் லைன்தான்.

1. அட்ரஸிலிருந்து தொடங்குங்கள். 192.168.1.0-வைக் கிளைக்குக் கொடுக்கவே கூடாது. பல வீட்டு வைஃபை ரவுட்டர்களில் அதே ரேஞ்ச்தான். வீட்டிலிருந்து விபிஎன்னில் வருகிறவருக்கு இரண்டும் மோதும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 பிரைவேட் உபயோகத்துக்கு ஒதுக்கிய 10.0.0.0/8-இலிருந்து எடுங்கள். கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர், நாவலூர் என்று நாலு கிளையா? 10.40.0.0/24 முதல் 10.40.3.0/24 வரை வரிசையாகக் கொடுங்கள். மற்ற ரவுட்டர்களுக்கு ஹெட் ஆபீஸ் 10.40.0.0/22 என்று ஒரே ரூட் சொன்னால் போதும். அடுத்த நாலையும் காலியாக விட்டுவைத்தால், கிளைகள் கூடும்போது /21 ஆக்கிவிடலாம்.

2. லிங்க்குகளுக்குத் தனி பிளாக். 10.255.0.0/24-ஐ /30 ஆக வெட்டினால் 64 லிங்க். /31 என்றால் 128. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் சொல்லப் பழகுங்கள். உங்கள் வேகத்தையும் கவனிக்கிறார்கள்.

3. பேக்கப் ரூட். மெயின் லைனில் ஓஎஸ்பிஎஃப் ஓடினால் சிஸ்கோவில் அதன் டிஸ்டன்ஸ் 110. பேக்கப் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 200 கொடுங்கள். மெயின் ரூட் போனால்தான் இது டேபிளுக்குள் வரும்.

ஆனால் பல கிளைகளில் ஓஎஸ்பிஎஃப் கிடையாது, ஃபைபருக்கும் ஸ்டாட்டிக் ரூட்தான். ஆளைச் சோதிக்கும் கேள்வி இங்கேதான் வருகிறது. ஃபைபர் ரோட்டில் எங்கேயோ அறுந்திருக்கும். ஆனால் கிளையில் ஓஎன்டி-யிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிள் நன்றாக இருப்பதால் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரவுட்டரைப் பொறுத்தவரை லைன் உயிரோடு இருக்கிறது, பேக்கப் எடுக்காது. அதனால் ஐபி எஸ்எல்ஏ வைத்து, ஃபைபருக்கு அப்பால் உள்ள ஒரு அட்ரஸுக்குத் தொடர்ந்து பிங் அனுப்பி, அது நின்றால் மெயின் ரூட்டைத் தூக்கச் சொல்ல வேண்டும். அந்த அட்ரஸுக்கு மட்டும் ஃபைபர் வழியாக ஒரு /32 ரூட்டையும் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிங் 4ஜி வழியாகப் போய் ஜெயித்துவிடும். ரவுட்டர் ஃபைபர் வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பும், மறுபடி விழும். இந்த /32 விஷயத்தை நீங்களாகவே சொன்னால், எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். ஜிஎன்எஸ்3-இல் ஒரு லேப் போட்டுக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.

4. எந்த டிராஃபிக்கை விடுவது? ஐஎஸ்டிஎன் லைனில் ரிப் அப்டேட்டை விட்டுவைத்தால் 30 விநாடிக்கு ஒருமுறை அது போகும். ஐடில் டைமர் 120 விநாடி என்றால் லைன் கட் ஆகவே ஆகாது, பில் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் டயலர் லிஸ்ட் எழுதினார்கள். இன்று அந்த இடத்தில் சிம்மின் டேட்டா லிமிட். பில்லிங் டிராஃபிக் போகட்டும், சிசிடிவி-யையும் விண்டோஸ் அப்டேட்டையும் பேக்கப்பில் மறித்துவிடுங்கள்.

5. பேக்கப் லைனில் விபிஎன் டன்னலைத் தொடங்குவது யார்? சிம்முக்குப் பெரும்பாலும் பப்ளிக் ஐபி கிடைக்காது, 100.64.0.0/10 போன்ற ஒரு ரேஞ்சிலிருந்து ஆபரேட்டர் கொடுத்து, நேட் செய்துதான் வெளியே அனுப்புவார். ஹெட் ஆபீஸால் கிளையைக் கூப்பிட முடியாது. கிளைதான் டன்னலைத் தொடங்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை அனுமதி வாங்கி ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். எத்தனை விநாடியில் மாறியது, எத்தனை விநாடியில் திரும்பியது, எந்த அப்ளிகேஷன் தொங்கியது என்று எழுதி அன்றே மேனேஜருக்கு மெயில் போட்டுவிடுங்கள். வேறொருவர் அதைத் தன் பெயரில் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம்.