விளையாடத்தான் சம்பளமா?

கேள்வி: என் தங்கை மகன் ஆன்லைன் கேம் கம்பெனி ஒன்றில் கம்யூனிட்டி மேனேஜராகச் சேர்ந்திருக்கிறான். நாள் முழுக்க விளையாடுவதற்கா சம்பளம் தருகிறார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: விளையாட நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம், அம்மா. காலையில் உட்கார்ந்ததுமே டிஸ்கார்ட், ரெடிட் போன்ற இணையத் தளங்களில் ராத்திரி முழுக்கக் குவிந்த ஆட்டக்காரர்களின் புலம்பலைப் படிக்க வேண்டும். 'கேமையே நாசம் பண்ணிட்டீங்க' என்று ஒருவர் திட்டியிருப்பார். அந்தத் திட்டுக்குள் நிஜமான கோளாறு இருக்கிறதா, எந்த போனில், எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்று பொறுமையாகக் கேட்டு வாங்கி, புரோகிராமர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். சர்வர் பராமரிப்பு அறிவிப்பு, பரிசுப் போட்டியெல்லாம் மிச்ச நேரத்தில்தான்.

முடிவெடுப்பது வேறு யாரோ. அடி வாங்குவது கம்யூனிட்டி மேனேஜர்கள். 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' ஆட்டத்தில் டார்த் வேடர் கதாபாத்திரத்தைத் திறக்க ஆட்டத்துக்குள்ளேயே 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் இதென்ன அநியாயம் என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆட்டத்தை வெளியிட்ட இ.ஏ. நிறுவனத்தின் கம்யூனிட்டி டீம் ரெடிட்டில் சமாதானம் எழுதியது. அந்த ஒரே பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேல் எதிர்ப்பு ஓட்டு விழுந்து, கின்னஸிலும் இடம்பிடித்தது. இந்த எதிர்ப்புக்குப் பிறகு தேவையான கிரெடிட்டை 75 சதவீதம் குறைத்தார்கள். குறையைத் திருத்தாமல் இதமாக மட்டும் பேசச் சொல்வது, அந்த வேலையில் இருப்பவருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

உங்கள் தங்கை மகனிடம், ஷிஃப்ட் முடிந்ததும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடச் சொல்லுங்கள். மிரட்டல் ஏதும் வந்தால் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் அன்றே மேலதிகாரியிடம் காட்டட்டும்.