டிஜிட்டல் சினிமாவில் நாய்ஸ் நீக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிஜிட்டல் கேமராவில் எடுத்த இரவுக் காட்சியின் நிழல்களில் பொடிப்பொடியாக நெளியும் புள்ளிகளையே எடிட்டிங் அறையிலும் டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) அறையிலும் நாய்ஸ் என்கிறார்கள். அதைக் குறைக்கும் வசதி டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவுக்குள்ளேயே இருக்கிறது. நீட் வீடியோ போன்ற தனி மென்பொருள்களும் உண்டு. கருவி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் கூடவே பரவிவிட்டன.

நம்பிக்கை: விலை உயர்ந்த கேமராவில் நாய்ஸ் வராது.

வரும். நாய்ஸின் பெரும்பகுதி ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒளி சென்சாரின் மீது சீராக வந்து படிவதில்லை. ஃபோட்டான்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுகிறது. ஒரே வெளிச்சம் படும் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள்கூட ஒரே எண்ணிக்கையைப் பிடிப்பதில்லை. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100; அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே விழும் நிழலில் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 சதவீதம். நாய்ஸ் நிழலில் துருத்திக்கொண்டு தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கேமரா தன் பங்காகச் சேர்ப்பவை வேறு: மின்னணுச் சுற்று சிக்னலைப் படிக்கும்போது சேரும் நாய்ஸ், சென்சார் சூடேறுவதால் சேர்வது, ஒவ்வொரு பிரேமிலும் அதே இடத்தில் அசையாமல் நிற்கும் கோடுகளும் புள்ளிகளும். நல்ல கேமரா முக்கியமாகக் குறைப்பது இவற்றைத்தான். இவற்றுள் அசையாத வகையைப் படப்பிடிப்புத் தளத்திலேயே கவனிக்க வேண்டும். ரெட் கேமராக்களில் லென்ஸை மூடிவைத்துச் செய்யும் பிளாக் ஷேடிங் அதற்காகவே இருக்கிறது.

நம்பிக்கை: ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சாரின் உணர்திறன் கூடும், நாய்ஸும் அதனால்தான் வருகிறது.

ரா (RAW) கோப்பாகப் பதிவு செய்யும் பெரும்பாலான சினிமா கேமராக்களில் ஐஎஸ்ஓ எண் சென்சாரைத் தொடுவதே இல்லை. ஆரி அலெக்ஸாவில் 800 என்பதை 1600 ஆக்கினால், நிழல் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்டாப் வெளிச்சப் பக்கத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். எண்ணை உயர்த்திய தைரியத்தில் அப்பெர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடினால் ஃபோட்டான்கள் பாதியாகின்றன. நாய்ஸ் அங்கேதான் பிறக்கிறது. இரட்டை அடிப்படை ஐஎஸ்ஓ கொண்ட கேமராக்கள் இதற்கு விதிவிலக்கு. சோனி வெனிஸில் 500, 2500 என இரண்டு அடிப்படைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது சென்சாரின் சுற்றே வேறு நிலைக்குப் போகிறது. ஆகவே மங்கலான காட்சியில் 2000-ஐ விட 2500 சுத்தமாக இருப்பது சாத்தியமே.

நம்பிக்கை: வெளிச்சம் குறைந்தால் பரவாயில்லை, டிஐயில் பார்த்துக்கொள்ளலாம்.

படப்பிடிப்புத் தளத்தில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம் இது. அதிகச் சேதம் விளைவிப்பதும் இதுவே. நாய்ஸ் நீக்கும் மென்பொருள் பதிவாகாத விவரத்தை மீட்பதில்லை. பதிவானதில் எது காட்சி, எது தற்செயல் என்று மதிப்பிட மட்டுமே செய்கிறது. ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் சிக்னலுக்கும் நாய்ஸுக்குமான விகிதம் சுமார் 1.4 மடங்கு மேம்படுகிறது, எந்தப் பக்கவிளைவும் இல்லாமல். ஒளிப்பதிவாளர்கள் 800 கேமராவை 400 என்று கணக்கிட்டு எடுத்து, பிறகு கிரேடிங்கில் இறக்கிக்கொள்வது இதற்காகத்தான். சிறப்பொளிப் பகுதிகள் வெந்துபோகாத வரை அது நல்ல வழி.

நம்பிக்கை: நாய்ஸ் நீக்கம் என்பது படத்தை மழுக்குவதுதான்.

இது பாதி உண்மை. ஒரு பிரேமுக்குள்ளேயே பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுக்கும் ஸ்பேஷியல் முறைக்கு இது பொருந்தும். புடவையின் நெசவும் தோலின் துளைகளும் நாய்ஸைப் போலவே பொடியானவை என்பதால் இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. அளவு மிஞ்சினால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

டெம்போரல் முறையின் வழி வேறு. அது முன்னும் பின்னும் உள்ள பிரேம்களை ஒப்பிடுகிறது. சுவர் எல்லாப் பிரேமிலும் சுவராகவே இருக்கிறது. நாய்ஸ் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகிறது. நான்கு பிரேம்களின் சராசரியில் தற்செயல் நாய்ஸ் பாதியாகிறது, விவரம் அப்படியே நிற்கிறது. இன்னும் பாதியாக்க 16 பிரேம்கள் வேண்டும் என்பதால் பலன் வேகமாகத் தேய்ந்துவிடும். அசைவுதான் இதன் எதிரி. நடிகர் தலையைத் திருப்பும்போது மென்பொருள் அசைவைத் தவறாகக் கணித்தால் பின்னால் நிழலுரு இழுபடும். மழை, புகை, பறக்கும் முடி எல்லாம் இதற்குக் கடினமான காட்சிகள். அசையாத வகை நாய்ஸோ எல்லாப் பிரேமிலும் ஒன்றுபோல் இருப்பதால் இந்த முறைக்குச் சுவரைப் போலவே தெரியும், விட்டுவிடும்.

ஆகவே தேர்ந்த கலரிஸ்ட் முதலில் டெம்போரலை மிதமாகப் போட்டு, எஞ்சியதற்கு மட்டும் ஸ்பேஷியலைத் தொடுவார். அதிலும் நிற நாய்ஸைச் சற்றுத் தாராளமாகவும் ஒளிர்வு நாய்ஸைக் கஞ்சத்தனமாகவும் குறைப்பார். நிறத்தில் உள்ள நுண்விவரத்தை மனிதக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கூர்மையை அது ஒளிர்வில்தான் தேடுகிறது. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டில் நீலச் சேனலைத் தனியே பார்ப்பதும் பயன் தரும். அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. சென்சாரிலும் நான்கில் ஒரு பிக்சலே நீலத்துக்கு உரியது.

நம்பிக்கை: எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் நாய்ஸை எடுத்தால் போதும்.

வரிசை மாறினால் பலன் பாதியாகிவிடும். காட்சியில் வெறுமையான ஒரு பகுதியை அளந்து நாய்ஸின் தன்மையைக் கற்றுக்கொள்ளும் மென்பொருளுக்குக் கேமராவிலிருந்து வந்த சிக்னல் வேண்டும். கான்ட்ராஸ்ட் கூட்டி, ஒரு மூலையை மட்டும் வெளிச்சமாக்கி, ஷார்ப்பன் செய்த பிறகு நாய்ஸ் இடத்துக்கு இடம் வேறாகிவிடும். ஸ்டெபிலைஸ் செய்தால் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்து நாய்ஸ் பெரும் புள்ளிகளாகத் திரளும். குறைந்த பிட்ரேட்டில் பதிவான எச்.264 கோப்பில் அது ஏற்கெனவே கட்டங்களாக உறைந்திருக்கும். அங்கே மென்பொருளால் செய்யக்கூடியது குறைவு. கிரேடிங் ஓரளவு முடிந்தபின் எங்கே நாய்ஸ் மேலெழுகிறது என்று பார்த்து, நீக்கத்தை முதல் நோடில், அதாவது வேலை வரிசையின் முதல் படியில், கொண்டுபோய் வைப்பது நல்ல பழக்கம். மதிப்பிடும்போது ஷாட்டை ஓடவிட்டே பார்க்க வேண்டும். கண்ணும் பிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால், நிறுத்திவைத்த பிரேம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

நம்பிக்கை: எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது.

1987-ல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூ-ரே பதிப்பு இதற்கு எதிர்ச்சான்று. ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளிகளான கிரெய்னை அளவுக்கு மீறித் துடைத்ததால் நடிகர்களின் தோல் செயற்கையாகிவிட்டது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். மறுபக்கம், டிஜிட்டலில் எடுத்த ‘டியூன்’ (2021) படத்தை ஃபிலிமில் பதிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்தார்கள். படத்துக்கு ஃபிலிமின் உயிர்த்தன்மை தேவைப்பட்டது. விஎஃப்எக்ஸ் பணியிலும் நாய்ஸை நீக்கிக் காட்சியை இணைத்தபின், சுற்றியுள்ள ஷாட்களோடு பொருந்தும்படி கிரெய்னைத் திரும்பச் சேர்ப்பதே வழக்கம்.

மெல்லிய நாய்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகளே இருக்கின்றன. அந்தி வானம் போன்ற இடங்களில் நாய்ஸ் இந்தப் படிகளின் விளிம்பை மறைக்கிறது. முழுக்கத் துடைத்தால் வானம் பட்டைபட்டையாகப் பிரியும். தற்செயல் புள்ளிகளைச் சுருக்குவது கடினம் என்பதால் ஓடிடிக்குப் போகும் படத்தில் ஓரளவு நீக்கம் நியாயமே. ஆனால் அதற்காக மாஸ்டரையே மொட்டையடிக்கத் தேவையில்லை. ஏவி1 கோடெக்கில், கிரெய்னை அளந்து நீக்கிவிட்டு அதன் தன்மையை மட்டும் எண்களாக அனுப்பி, பார்வையாளரின் திரையில் அதே தன்மையுள்ள கிரெய்னைப் புதிதாக உருவாக்கும் வசதி இருக்கிறது.